ஒரு புள்ளி மட்டும் புதிது

நம் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "மிஸ், இத்தனை வருஷ வேலையில உங்களை ரொம்ப அதிர வச்ச போலிக் காசு எதுங்க?" என்று கேட்டார். அப்போது சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போலிக் காசு என்னை ஒருநாளும் அதிரவைத்ததில்லை. எல்ல என்ற ஊர்ப் பக்கத்துக் கடைகளில் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கும் 'ரோமக் காசு'களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்தேபோய்விட்டது. தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில் ஓடையில் கிடைத்ததென்று பழைய காசொன்றைக் கொண்டுவந்த ஒருவர், குத்துவிளக்குத் துலக்குவதுபோல அதைப் புளிபோட்டுத் தேய்த்துப் பளபளவென்று என் மேசையில் வைத்தார். எழுத்தெல்லாம் போயிருந்தது. அப்போதுகூட எனக்கு வயிறு எரிந்ததே தவிர அதிர்ச்சி வரவில்லை.

என்னை உலுக்கியது அசல் காசு. ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கும் மேற்பட்ட பழைய ரோமக் காசு. செம்பும் பாசியும் எழுத்தும் எல்லாம் உண்மை. அதிலிருந்த ஒரு புள்ளி மட்டும் புதிது.

அந்தக் காசு ஒரு பல் வைத்தியருடையது. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், டொக்டர் என்றே சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, இங்கிலாந்தில் சில காலம் வேலை பார்த்து, பிறகு பதுளைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஓய்வுக்குப் பிறகு பண்டாரவளையில் ஒரு சரிவில் வீடு. இங்கிலாந்தில் இருந்தபோது ஏலத்தில் சுத்தம் செய்யாத ரோமச் சில்லறைக் காசுகளைப் பொதிபொதியாக வாங்கிச் சேர்த்து, ஊருக்கு வரும்போது முறைப்படி அனுமதி எடுத்துக் கொண்டுவந்தவர்.

தங்கமோ வெள்ளியோ அவருக்குத் தேவைப்படவில்லை. அவர் சேர்த்தது சின்னச் சின்ன வேறுபாடுகளை. ஒரே பேரரசர், காசு அடித்த அக்கசாலையும் ஒன்றே, பின்பக்கம் ஒரே படம்: இரண்டு படைவீரர்கள், நடுவில் ஒரு கொடிக்கம்பு. ஆனால் ஒரு காசில் கொடியின் மேல் ஒரு புள்ளி இருக்கும், இன்னொன்றில் அந்த இடத்தில் பிறைபோல ஒரு வளைவு இருக்கும். ஒன்றில் பேரரசரின் பெயர் தலைக்கு முன்னால் முறிந்து தலையைத் தாண்டித் தொடரும், இன்னொன்றில் முறியாது. அச்சு செதுக்கியவனின் கை மாறியதை, அக்கசாலையில் அதிகாரி மாறியதை அந்தச் சின்னப் புள்ளிகள்தான் சொல்லும். 'நுண்வகை' என்று நாம் பதிவில் எழுதுவது இதைத்தான்.

நான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் காசுகளின் எழுத்துக்களைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முழித்தவள். டொக்டர் அருங்காட்சியகத்துக்கு வரும்போதெல்லாம் என் மேசைக்கும் வருவார். "பிள்ளை, இதிலை என்ன வித்தியாசம் எண்டு சொல்லும் பாப்பம்" என்று இரண்டு காசுகளை வைப்பார். நான் கண்டுபிடிக்கும்வரை வாய் திறக்க மாட்டார். எங்கள் பிரிவில் அவருடைய கண்ணை நம்பாதவர் யாருமில்லை. அவர் ஒரு காசைப் புது வகை என்று சொன்னால் வெளிநாட்டு ஆய்வாளர்களும் எழுதிக் கேட்பார்கள்.

விமானங்கள் நின்றுபோயிருந்த அந்த நோய்க்காலத்தில் டொக்டரின் ஒரே மகன் குகன் கனடாவில் இறந்துபோனார். தாயும் தகப்பனும் போக வழியில்லை. பண்டாரவளை வீட்டின் சாப்பாட்டு மேசையில் கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்து, அதில் மகனின் அடக்கத்தைப் பார்த்தார்கள். பயணத்தடை தளர்ந்த பிறகு நான் துக்கம் விசாரிக்கப் போனேன். டொக்டர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவருடைய மனைவி எனக்குத் தேநீர் தந்து, பக்கத்து வீட்டுச் சங்கதியெல்லாம் பேசி அனுப்பிவைத்தார். அந்த அம்மா டொக்டரின் கிளினிக்கில் கடைசிவரை உதவியாளராக இருந்தவர். என்ன திடமான மனுஷி என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து ஒருநாள் டொக்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் பழையபடி இருந்தது.

"பிள்ளை, ஒரு புள்ளி! ரெண்டு வீரருக்கும் நடுவிலை, கொடிக்கம்புக்குக் கீழை. ஒரு புத்தகத்திலையும் இல்லை!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. புள்ளிக்காக அல்ல, அவர் எழுந்துவிட்டாரே என்றுதான். அதன்பிறகு இடைவெளி விட்டு விட்டு இன்னும் சில காசுகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொலைபேசி, ஒவ்வொன்றுக்கும் அதே குரல். கடைசியில், சேகரிப்பு முழுவதையும் எங்கள் அருங்காட்சியகத்துக்கே தரப்போவதாக அறிவித்தார். ஒரு சனிக்கிழமை பதுளையில் கூட்டம் ஏற்பாடாயிற்று. வெளிநாட்டு நிபுணர் ஒருவர் இணையம் வழியாகச் சேர இருந்தார். டொக்டர் தன் புது வகைகளை அந்தக் கூட்டத்தில் வெளியிடுவதாக இருந்தது.

கூட்டத்துக்கு முன்பு காசுகளைப் படம்பிடித்து, பழைய பிசினோ வார்னிஷோ பூசியிருக்கிறதா என்று சோதித்து எழுதுவது என் வேலை. வியாழக்கிழமை காலை பண்டாரவளைக்குப் போனேன். சனிக்கிழமைக்காகத் தலைமயிர் வெட்ட டொக்டர் டவுனுக்குப் போயிருந்தார். அம்மா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். நான் முன்னறையின் திரைகளை இழுத்து மூடிவிட்டு, காசுத் தட்டை எடுத்துவைத்து, புற ஊதா டோர்ச்சை அடித்தேன்.

பழைய செம்பு அந்த வெளிச்சத்தில் இருட்டாகத்தான் கிடக்கும். கிடந்தது. ஆனால் அந்த இருட்டுக்குள் புள்ளிகள் எரிந்தன. நீலம் கலந்த வெள்ளையாக, ஊசிமுனை அளவுக்கு, வீரர்களின் கால்களுக்கு நடுவே ஒன்று, கொடிக்கம்பின் நுனியில் ஒன்று, பேரரசரின் கழுத்துக்குப் பின்னால் ஒன்று. டொக்டர் எனக்குத் தொலைபேசியில் சொன்ன ஒவ்வொரு புள்ளியும், சொன்ன அதே இடத்தில், மினுங்கியது. வேறெந்தக் காசிலும் எதுவும் எரியவில்லை.

டோர்ச்சை அணைத்தேன். திரும்ப அடித்தேன். மினுங்கத்தான் செய்தது.

அது என்னவென்று எனக்குத் தெரியும். என் முன்பல்லில்கூட இருக்கிறது. பல் அடைக்கிற வெள்ளைப் பசை. நீல வெளிச்சம் பிடித்தால் கல்லாக இறுகும். டொக்டரே ஒருமுறை என் பல்லை அடைத்துவிட்டு, "நடன மண்டபத்து ஊதா லைட்டுக்குக் கீழை போயிடாதையும், பல்லு மினுங்கும்" என்று பகிடி விட்டிருந்தார்.

பல் வைத்தியரின் வீடு. பல் வைத்தியரின் பசை. பல் வைத்தியரின் புள்ளிகள். வேறு என்ன நினைக்கத் தோன்றும்? எனக்குக் காசு பார்க்கக் கற்றுத்தந்தவர் ஒரு கள்ளர் என்று நினைத்தேன். தலைமையதிகாரிக்கு அழைக்கக் கைபேசியைக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்போது கதவு திறந்தது. தேநீர்த் தட்டோடு அம்மா நின்றார். என் டோர்ச் காசுத் தட்டின் மேல் எரிந்துகொண்டிருந்தது. அவர் காசுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தேநீரை மேசையில் வைத்தார், ஒரு துளி சிந்தவில்லை. பிறகு கதவைச் சாத்தினார்.

"பிள்ளை, அந்த லைட்டை நிப்பாட்டும்."

"அம்மா, இது..."

"நான்தான் வச்சனான்."

"என்னங்கம்மா சொல்றீங்க?"

"அவருக்கு ஒண்டும் தெரியாது. அவரைப் பிழையா நினைச்சுப் போடாதையும். எல்லாம் நான்தான்."

நான் கைபேசியை மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் நின்றபடியே, அடுத்த வீட்டுக் கதை சொல்வதுபோலச் சொன்னார்.

"குகன் போன பிறகு இவர் கட்டிலை விட்டு எழும்பேல்லை. ஒரு பிடி சோறு உள்ளுக்குப் போகேல்லை. நான் காசுத் தட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்திலை வச்சுப் பாத்தன். திரும்பியும் பாக்கேல்லை. ஒருநாள் சொன்னார், 'எல்லாம் ஒண்டுதான், எல்லாக் காசும் ஒரே காசுதான்' எண்டு. அந்த மனுசன்ரை வாயாலை அப்பிடி ஒரு சொல்லு. அதைக் கேட்டு எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. இவரும் போகப்போறார் எண்டு விளங்கிச்சுது."

"அதனால..."

"கிளினிக்கை மூடேக்கை மிஞ்சின பசை அலுமாரியிலை கிடந்தது. லைட்டும் கிடந்தது. அடுப்புக் கரியும் தேயிலைச் சாயமும் தொட்டு நிறம் எடுத்தன். காசைச் சுரண்டேல்லைப் பிள்ளை. ஒரு கீறல்கூட இல்லை. ஊசியாலை தெண்டினால் கழண்டு வந்திடும். அவரின்ரை காசை நான் பழுதாக்குவனே?"

முதல் புள்ளியை வைத்து, அந்தக் காசை மற்றக் காசுகளோடு கலந்து, 'தூசி தட்டப்போறன், ஒருக்கால் பிடியுங்கோ' என்று கையில் கொடுத்தாராம். கை பழக்கத்தில் புரட்டியிருக்கிறது. கண் நின்றுவிட்டது.

"எழும்பிக் குசினிக் கதவடியிலை வந்து நிண்டார். 'புள்ளி' எண்டார். பிறகு 'பசிக்குது' எண்டார்."

"அந்த ஒன்னோட நிறுத்தியிருக்கலாமேங்கம்மா."

"நிப்பாட்டினனான். கொஞ்ச நாளிலை திரும்பவும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டார்."

அதற்கு மேல் நான் என்ன கேட்பது?

உங்களில் சிலருக்கு, அந்தப் புள்ளிகளைக் கழற்றிவிட்டுப் பேசாமல் வந்திருக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஒவ்வொரு புள்ளியும் டொக்டருக்கு மனப்பாடம். காணாமல் போனால் என்னைத்தான் கேட்பார். இன்னொரு பொய் வேண்டும், அதைத் தாங்க மற்றொன்று. அப்படியே ஏற்றுக்கொண்டாலோ, இல்லாத ஒரு வகை நம் பதிவில் ஏறும். நாளைக்கு எங்கோ ஒருவர் அதை நம்பி, இப்படி ஒரு அதிகாரி இருந்தார், இப்படி ஒரு ஆண்டு இருந்தது என்று எழுதுவார். மேலிடத்துக்கு உடனே அறிவித்தாலோ, டொக்டரின் மற்ற உழைப்பெல்லாம், அவர் உண்மையாகக் கண்டுபிடித்தவையெல்லாம் சேற்றில் விழும். பல் வைத்தியர் பசையால் ஏமாற்றினார் என்ற ஒரு வரிதான் மிஞ்சும். ஆற அமர யோசிக்க நேரமில்லை. அவர் எந்த நேரமும் வந்துவிடலாம்.

"அம்மா, பொய்யை நான் பதிய முடியாதுங்க. ஆனா அவருக்குத் தெரியாம வேற ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன். முதல்ல அவருக்குத் தெரியணும். நீங்கதான் சொல்லணும்."

"சொன்னால் செத்துப்போடுவார்."

"சனிக்கெழமை அத்தனை பேர் முன்னாடி தெரிய வந்தா?"

வெளியே கேற் திறக்கும் சத்தம் கேட்டது.

டொக்டர் புது வெட்டுத் தலையோடு, எனக்கென்று வாங்கிய மீன் வைத்த மாலு பணிஸ் பொதியோடு உள்ளே வந்தார். மூடிய திரைகளைப் பார்த்தார்.

"என்ன ரெண்டு பேரும் செத்தவீட்டிலை இருக்கிற மாதிரி?"

அம்மா சொன்னார். சுற்றிவளைக்கவில்லை. "இஞ்சேருங்கோ, அந்தப் புள்ளியள் நான் வச்சது" என்றார்.

டொக்டர் சிரித்தார். மனைவி பகிடி விடுகிறார் என்று நினைத்திருப்பார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. கையை நீட்டினார். டோர்ச்சைக் கொடுத்தேன். ஒவ்வொரு காசாகப் பார்த்தார். அவர் காசு பார்ப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்றுதான் ஒரே காசை இரண்டு தடவை பார்த்தார்.

"பிள்ளை, நீரும் இதுக்குக் கூட்டோ?"

"இல்லைங்க டொக்டர். இப்பதான் பார்த்தேன்."

"என்னைப் பைத்தியக்காரன் ஆக்கிப்போட்டீர்" என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார். குரல் ஏறிக்கொண்டே போயிற்று. "உலகம் முழுக்கச் சொல்லிப்போட்டன். எழுதிப்போட்டன். பிள்ளை செத்த வீட்டிலை இருந்துகொண்டு என்னோடை விளையாடினீரோ?"

தட்டைத் தள்ளினார். காசுகள் சீமெந்துத் தரையில் சிதறி உருண்டன. அவர் பின்கதவால் தோட்டத்துக்கு இறங்கிப் போய்விட்டார். நான் முழங்காலில் நின்று ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அம்மா கதிரையில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்தபடி இருந்தார். அழவில்லை. நான் அவரைப் பார்க்கவும் பயந்து, அலுமாரிக்குக் கீழே கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன்.

டொக்டர் திரும்பி வந்தபோது அவருடைய காலணியெல்லாம் மண். கோபம் முகத்தில் இல்லை. என்னவோ கணக்குச் சரிவராதவரைப்போல இருந்தார்.

"எப்ப செய்தனீர்?"

"நீங்கள் படுத்திருக்கேக்கை."

"எங்கை வச்சு?"

"குசினியிலை. யன்னலடியிலை."

"ஒவ்வொண்டும் சரியா வரும்வரைக்கும் திரும்பத் திரும்பவோ?"

"ஓம். முதல் ரெண்டு மூண்டு சரிவரேல்லை. கழட்டிப்போட்டுத் திரும்ப வச்சனான்."

அவர் குசினி யன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நீர் எப்ப அழுதனீர்?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

"எனக்கு நேரம் கிடைக்கேல்லை" என்றார்.

சொல்லி முடிக்கவில்லை, அந்தச் சத்தம் வந்தது. லயத்தில் வளர்ந்தவள் நான், ஒப்பாரி கேட்டே வளர்ந்தவள். அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதில்லை. குகன் இறந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அந்த வியாழக்கிழமைதான் அவருடைய தாய் அழுதார். டொக்டர் தரையில் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "நான் பாக்கேல்லையே, நான் உம்மைப் பாக்கேல்லையே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு புள்ளி கூடியதும் குறைந்ததும் தெரியும் கண் அது. பொறுக்கிய காசுகளைத் தட்டில் வைத்துவிட்டு நான் வெளியே போய்ப் படியில் நின்றேன்.

சனிக்கிழமைக் கூட்டத்தை ஒத்திவைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். டொக்டர் சம்மதிக்கவில்லை. மண்டபத்தில் எழுந்து நின்று, தான் அறிவித்த புது வகைகள் எல்லாவற்றையும் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். புள்ளிகள் அண்மையில் ஒட்டப்பட்டவை என்றும், தான் அதைக் கவனிக்கத் தவறியதாகவும் சொன்னார். முன்வரிசையில் ஒருவர், "யார் ஒட்டினது?" என்று கேட்டார்.

"என்ரை வீட்டிலை நடந்தது. பொறுப்பு என்னுடையது."

பின்வரிசையில் அம்மா எழுந்து நின்றார். "ஒட்டினது நான்" என்றார். காரணம் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. திரையில் இருந்த வெளிநாட்டு நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, காசுகளுக்குச் சேதமில்லையே என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் நல்லது என்று சொல்லி, டொக்டரின் மற்றக் காசுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அந்த மனிதருக்கு நான் இன்றுவரை நன்றி சொல்லவில்லை.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். கருவி காட்டுவது பொருளை மட்டும். அதை வைத்தது யார், ஏன் என்று அதற்குத் தெரியாது. புள்ளிகள் எரிந்த அந்த நிமிஷம் என் மனதுக்குள் ஒரு முழு அறிக்கை எழுதி முடிந்துவிட்டது. ஒரு வரிகூடப் பிசகில்லாத அறிக்கை, ஆனால் தவறான ஆளைப் பற்றியது. அம்மா தேநீர் கொண்டுவரக் கொஞ்சம் தாமதித்திருந்தால் அதை நான் தொலைபேசியில் சொல்லியும் இருப்பேன். அதிர்ச்சி வந்தால் வரட்டும், அதைத் தடுக்க முடியாது. அது அடங்கும்வரை யாருக்கும் அழைக்காதீர்கள்.

புள்ளிகளை டொக்டரே கழற்ற வேண்டும் என்று கேட்டார். அனுமதி எடுத்துக் கொடுத்தேன். இருவரும் பண்டாரவளையிலிருந்து பஸ்ஸில் வந்து, எங்கள் யன்னலோர மேசையில் அமர்வார்கள். அவர் பல் சோதிக்கும் மெல்லிய கருவியைப் பிடிப்பார். அம்மா பக்கத்தில் நின்று விளக்கைப் பிடிப்பார். "கொஞ்சம் கிட்டப் பிடியும்" என்பார் டொக்டர். பிடிப்பார். இடையிடையே குகனைப் பற்றிப் பேசுவார்கள். சின்ன வயதில் ஆடுகிற பல்லைத் தகப்பனிடம் காட்டாமல், மேசைக்குக் கீழே ஒளிந்துகொண்டு தாயிடம் மட்டும் வாயைத் திறந்து காட்டுவானாம். "எனக்கு இது தெரியாதே" என்றார் டொக்டர். "உங்களுக்குச் சொல்லக்கூடாது எண்டு சத்தியம் வாங்கினவன்" என்றார் அம்மா. இருவரும் சிரித்தார்கள். டொக்டர் கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசிப் புள்ளி கழன்று மேசையில் விழுந்தது. அவ்வளவு சின்னது, எனக்குத் தேடித்தான் பார்க்க முடிந்தது. அம்மா சேலைத் தலைப்பால் மேசையைத் துடைத்தார்.

"வாரும், பஸ் போயிடும்" என்றார் டொக்டர். அம்மாவின் கைப்பையைத் தானே எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.